ஆயர் கேட்ட கணக்கு: மன்னார் மறைமாவட்ட வரலாற்றில் ஓர் ஏடு

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடிய குருமார் தியானக் கூட்டமொன்றில், இளங்குருவானவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, ஒரு மக்களினம் தன் விடுதலைக்காகப் போராடும்போது, அம்மக்களின் குருவானவர் எங்கே நிற்கவேண்டும்?” விடைகள் விரைவாக வந்தன. ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டிச் சிலர் அடங்கியிருக்கச் சொன்னார்கள். யாத்திராகமத்தைக் காட்டி வேறு சிலர் பார்வோனுக்கு முன்பாகப் போய் நிற்கச் சொன்னார்கள். இரு சாராரும் வேதத்தைப் பற்றியே பேசினார்கள் என்றாலும், குருவானவர் காலையில் எழுந்து என்ன செய்வார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் தென்காசிக்குத் திரும்பி, சேகர அலுவலகத்தில் ஆண்டுப் புள்ளிவிவரத் தாளை நிரப்ப அமர்ந்தேன். குடும்பங்கள் எத்தனை, ஆத்துமாக்கள் எத்தனை, ஞானஸ்நானம் பெற்றோர், அடக்கம் செய்யப்பட்டோர், ஊரைவிட்டுப் போனோர் எத்தனை பேர் என்று கட்டங்கள். நம்மில் பெரும்பாலோர் சலிப்போடு செய்யும் வேலை இது. அப்பொழுதுதான் கடலுக்கு அப்பால் இதே வேலையைச் செய்து, அதன் பொருட்டுக் காவல்துறையால் விசாரிக்கப்பட்ட ஒருவர் நினைவுக்கு வந்தார். மன்னார் மறைமாவட்டத்தின் இரண்டாம் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையே அவர். கத்தோலிக்கர் தம் அத்தியட்சரை ஆயர் என்று அழைக்கின்றனர். ஆயர் என்றால் மந்தை மேய்ப்பவர். மேய்ப்பனுக்குத் தன் மந்தையின் எண்ணிக்கை தெரிந்திருக்கவேண்டும் என்பது லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தை வாசித்த எவருக்கும் விளங்கும். நூறு என்று அறியாதவனுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது குறையாகவே தோன்றாது.

மன்னாரின் பழைய வரலாற்றைச் சற்றே சொல்லியாகவேண்டும். அது நம் கரையோடு பின்னிக் கிடப்பது. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். 1544-ல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களில் சுமார் 600 பேரைக் கொல்வித்தான். அவர்களை மன்னார் மறைசாட்சிகள் என்று அச்சபை நினைவுகூர்கிறது. 1658-ல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டில் தூத்துக்குடியும் அவர்கள் வசமாயிற்று. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையார். நம் உறவினர் என்றே சொல்லலாம். அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களைத் துரத்தினர். மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு சில குடும்பங்கள் காட்டுக்குள் ஓடி, மடுவில் குடியேறின என்பது அவ்விடத்து மரபு. குருக்கள் இல்லாதிருந்த அம்மக்களைத் தேடிக் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் என்னும் குருவானவர் 1687-ல் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். ஆகவே மடு என்னும் அடைக்கலத் தலம் தோன்றியதற்குக் காரணம் புராட்டஸ்தாந்து ஆட்சி செய்த கொடுமையே. நம் இறையியல் மாணவர் இதை மறவாதிருப்பது நல்லது. துன்புறுத்தப்படுவோர் பட்டியலில் மட்டுமே நம் பெயர் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம்.

இனி இலங்கைத் தமிழரின் போராட்டத்துக்கு வருவோம். அதன் விவரங்கள் பலவும் வாசகர் அறிந்தவையாதலால் சுருக்கமாகவே கூறுகிறேன். 1948-ல் இலங்கை சுதந்தரம் பெற்ற அதே ஆண்டில், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை சட்டத்தால் பறிக்கப்பட்டது. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. அவர்களில் ஒருவரிடமும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. அரசுகள் மக்களை எண்ணும் விதத்துக்கு இது ஓர் உதாரணம்.

1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்பு புத்த சமயத்துக்கு முதன்மை இடம் தந்தது. அதுவரை கூட்டாட்சி கேட்டுச் சத்தியாக்கிரகம் நடத்தியவர்கள் 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் கூடித் தனி நாடு வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய செ.வா. செல்வநாயகம் புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். பெரும்பான்மையோர் சைவராயிருந்த ஒரு மக்களினம் கிறிஸ்தவர் ஒருவரைத் தந்தை என்று அழைத்தது. 1977 தேர்தலில் வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் அத்தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 1983 ஜூலையில் தமிழர் வேட்டையாடப்பட்டபின் போர் மூண்டது.

மன்னார்ச் சீமை போரின் தொடக்கத்திலேயே இரத்தம் கண்டது. 1984 டிசம்பரில் முருங்கனில் ஊழியம் செய்த மெதடிஸ்த போதகர் ஜார்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். ஒரு மாதத்துக்குள், 1985 ஜனவரி 6-ஆம் நாள், வங்காலைப் பங்கின் குருவானவர் மேரி பஸ்தியான் இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று கீழ்த்திசை ஞானியர் வருகையின் திருநாள். ஏரோது பெத்லகேமின் பிள்ளைகளைக் கொன்ற கதையை வாசிக்கும் காலம் அது. ஒருவர் நம் மரபினர், ஒருவர் உரோமைச் சபையினர். சில வாரங்களில் இரு சபைகளும் மன்னாரில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணின.

அதே மன்னாரில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரையும் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம் கிராமங்கள் வெறிச்சோடின. விடுதலை கேட்ட மக்களின் பெயரால் இது செய்யப்பட்டது. இதைச் சொல்லாமல் மன்னாரின் வரலாற்றை எழுதுகிறவர் பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தவராவார்.

இராயப்பு யோசேப்பு 1940 ஏப்ரல் 16-ல் நெடுந்தீவில் பிறந்தார். 1967-ல் குருவாக அபிஷேகம் பெற்றார். மன்னார் மறைமாவட்டம் 1981-ல் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1992-ல் அவர் அதன் ஆயரானபோது, பாதி நிலம் இராணுவத்திடமும் பாதி நிலம் புலிகளிடமும் இருந்தது. மடுத் தலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகள் கூடாரமிட்டிருந்தனர். ஒல்லாந்தர் காலத்து அடைக்கலக் காடு மீண்டும் அடைக்கலக் காடாயிற்று. 1999 நவம்பர் 20-ல் அந்த வளாகத்தின்மீது எறிகணைகள் விழுந்து சுமார் 40 பேர் மாண்டனர். இரு தரப்பினரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர்.

ஆயரின் ஊழிய முறை 2007-ல் நடந்த ஒரு நிகழ்ச்சியில் நன்றாகத் தெரிகிறது. அவ்வாண்டு ஜனவரி 2-ஆம் நாள், இலுப்பைக்கடவைக்கு அருகே படகுத்துறை என்னும் மீனவக் குடியிருப்பின்மீது விமானப்படை குண்டு வீசிற்று. அது புலிகளின் தளம் என்று அரசு அறிவித்தது. ஆயர் அறிக்கை எழுத உட்காரவில்லை. நேரே அந்த இடத்துக்குப் போனார். எரிந்த குடிசைகளைப் பார்த்தார். மாண்டவர் யாவர் என்று விசாரித்தார். இறந்தவர்கள் 15 பேர், அவர்களில் குழந்தைகளும் உண்டு, அவர்கள் இடம்பெயர்ந்து வந்து குடியிருந்த பொதுமக்கள் என்று சொன்னார். போய்ப் பார்த்தல், பெயர் கேட்டல், எண்ணுதல், பின்பு பேசுதல் என்னும் இந்த வரிசையை அவர் மாற்றவில்லை.

இவ்வேலையில் அவர் தனியாளாய் இருக்கவில்லை. யாழ்ப்பாண மறைமாவட்டக் குருவானவரான கருணாரத்தினம் அடிகள், வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்து, கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் விவரங்களைத் திரட்டினார். அச்செயலகம் சமாதான காலத்தில் கிளிநொச்சியில் புலிகளின் ஆட்சிப்பகுதிக்குள் அமைந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2008 ஏப்ரல் 20-ஆம் நாள் வன்னியில் கிளைமோர்க் கண்ணிவெடியால் அவர் கொல்லப்பட்டார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே மாதத்தில்தான் மடுவை நெருங்கிய போரிலிருந்து காக்கும்பொருட்டுக் குருக்கள் மாதா சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். முன்னூறு ஆண்டுகளுக்குப்பின் மறுபடியும் ஓர் இடப்பெயர்ச்சி.

2008-ன் பிற்பகுதியில் போர் வன்னி முழுவதையும் நெருக்கிற்று. மக்கள் மேற்கிலிருந்து கிழக்கே, மன்னாரிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் தள்ளப்பட்டனர். 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் ஊழியரும் பிற தொண்டு நிறுவனங்களும் அரசின் கட்டளையால் வெளியேறினார்கள். பங்குக் குருக்களும் கன்னியரும் மக்களோடு நடந்தார்கள். கோவிலிருந்து கோவிலாக, பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழியாக அவர்கள் பயணம் நடந்தது.

இங்கே ஒரு கணக்கை வாசகர் கவனிக்க வேண்டுகிறேன். 2009-ன் தொடக்கத்தில், வன்னியில் இருப்பவர் சுமார் 70,000 பேர் என்று அரசு சொல்லிற்று. உணவும் மருந்தும் எத்தனை பேருக்கு என்பதை அந்த எண் தீர்மானிக்கும். அங்கேயே பணிபுரிந்த அரசாங்க அதிகாரிகளோ அதைப்போல் பல மடங்கு மக்கள் இருப்பதாகத் தெரிவித்து வந்தார்கள். போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே ஏறக்குறைய 2,80,000 பேர். ஆகவே முதலில் சொன்ன எண் பிழை என்பதை நிறுவ நூல் எழுதவேண்டியதில்லை. எண்ணப்படாதவருக்கு அரிசி வராது. இறந்தால் இறந்தார் என்று எழுதவும் இடமிராது.

புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்தனர். தப்பியோட முயன்றவரைச் சுட்டனர். பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பினர். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் வெளியிட்ட அறிக்கை இவ்விரு தரப்புக் குற்றங்களையும் விரிவாகவே எடுத்துரைக்கிறது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருத்தல் கூடும் என்றும் அது கருதிற்று.

2009 மே 18-ஆம் நாள், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் ஜோசப் அடிகள், சரணடையச் சென்றவர்களோடு வட்டுவாகலில் இராணுவத்தின் பகுதிக்குள் சென்றார். அவர்களோடு பேருந்தில் ஏறியதைப் பலர் கண்டார்கள். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை.

போர் முடிந்த மறு ஆண்டில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு என்னும் பெயரில் ஜனாதிபதி ஒரு குழுவை அமைத்தார். அது 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தது. வடபகுதியில் அப்பொழுது எங்கும் இராணுவம். பேசுகிறவன் வீடு திரும்புவானா என்று மனைவி வாசலில் காத்திருக்கும் காலம். 8-ஆம் நாள் ஆயர், தம் குருக்கள் இருவரோடு வந்து, மறைமாவட்டத்தின் சார்பில் எழுத்து வடிவில் ஒரு விண்ணப்பம் அளித்தார்.

அதில் இருந்த கணக்கு ஒரு தொடக்கப்பள்ளி மாணவனும் போடக்கூடிய கழித்தல் கணக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டக் கச்சேரிகளின் பதிவின்படி, 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவலகத்தின் பதிவின்படி, 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெளிவுபடுத்தும்படி ஆயர் ஆணைக்குழுவைக் கேட்டுக்கொண்டார்.

இவ்விண்ணப்பத்தின் வல்லமை எதிலிருக்கிறது? இரண்டு எண்களும் அவருடையவை அல்ல. ஒன்று அரசாங்கத்தின் சொந்தக் கச்சேரியில் எழுதப்பட்டது. மற்றது உலக அமைப்பு எழுதியது. ஆயர் செய்தது ஒன்றன்கீழ் ஒன்றை எழுதிக் கோடு போட்டது மட்டுமே. அவர் எவரையும் கொலையாளி என்று சொல்லவில்லை. 1,46,679 பேர் கொல்லப்பட்டனர் என்றும் எழுதவில்லை. கணக்கில் வராதவர் இத்தனை பேர், கணக்குச் சொல்லுங்கள் என்றார். காயீனிடம் ஆண்டவர் கேட்டதும் கேள்விதான். அந்தக் கேள்விக்குத் தகவல் சொல்ல மறுத்தவன் வாயிலிருந்தே அவன் குற்றம் வெளிப்பட்டது.

பிற்காலத்தில் தமிழ் மேடைகளில் இவ்வெண் இறந்தோர் எண்ணிக்கையாகவே முழங்கப்பட்டுவிட்டது. இது ஆயரின் நோக்கத்துக்கு நன்மை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கச்சேரிப் பதிவு உணவுப் பங்கீட்டை ஒட்டியது. அதில் இருமுறை எழுதப்பட்டோர் இருந்திருக்கலாம். பதியாமல் தப்பிச் சென்றோரும் இருக்கலாம். வரலாறு பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டைக் கைவிடலாகாது. ஆனால் கச்சேரிப் பதிவு பிழையென்றால், சரியான பதிவைக் காட்டவேண்டிய கடமை பதிவேட்டை வைத்திருப்பவருடையது. பதிவேடு ஆயரிடம் இல்லை.

ஆணைக்குழு அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த தன் அறிக்கையில், வீடுவீடாகச் சென்று முறையான கணக்கெடுப்பு நடத்தவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1,46,679 என்ற எண்ணுக்கு அது விளக்கம் தரவில்லை. 2012 மே மாதத்தில் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரைத் தேடிவந்து, அந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்று விசாரித்தார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தது. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை, கணக்கில் வராதோர் 70,000-க்கும் மேற்பட்டோர் என நம்பத்தக்க தகவல் உள்ளதாகக் கூறிற்று.

ஆயர் இத்தோடு நிற்கவில்லை. தமிழர் ஒரு தேசிய இனம், தன்னைத்தானே ஆளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று வெளிப்படையாகவே சொன்னார். தமிழ்ச் சிவில் சமூகத்தாரை ஒன்றுகூட்டினார். தமிழ்க் கட்சிகளின் தலைவர்களைக் கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை. கொழும்பில் அவரைப் புலிகளின் ஆயர் என்றார்கள். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இராணுவத்தின் கொடுமைகளைப் பேசிய அளவுக்குப் புலிகளின் கொடுமைகளை வடபகுதிச் சபைகள் உரத்துப் பேசினவா? முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதற்கும், பிள்ளைகள் பிடிக்கப்பட்டதற்கும் அதே துணிவோடு கணக்குக் கேட்கப்பட்டதா? இக்கேள்வியைக் கேட்போர் எல்லாரும் பகைவர் அல்லர். துப்பாக்கிக்கு அடியில் வாழ்ந்தவர்களைக் கடலுக்கு இப்பால் மின்விசிறியின்கீழ் அமர்ந்து தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இக்கேள்வியை முற்றிலும் தள்ளிவிடவும் மனச்சாட்சி இடந்தரவில்லை. மந்தையின் கணக்கைக் கேட்கிற மேய்ப்பன் அடுத்த மந்தையின் கணக்கையும் கேட்கவேண்டும். எரிக்கலம்பிட்டியிலிருந்து துரத்தப்பட்டோரும் மன்னாரின் மக்களே.

குற்றாலத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு இவ்வரலாறு ஒரு விடை சொல்கிறது என்று நினைக்கிறேன். வேதத்தில் இருவகைக் கணக்கெடுப்பு உண்டு. தாவீது தன் படைபலம் அறியக் கணக்கெடுத்தான். அகுஸ்து ராயன் குடிமதிப்பெழுதச் சொன்னான். மேய்ப்பனோ குறைந்த ஒன்றைத் தேடுவதற்காக எண்ணுகிறான். போர்க்காலத்தில் அரசும் எண்ணும், ஆயுதம் தாங்கியோரும் எண்ணுவர். ஆனால் எதிரி எத்தனை, ஆளெடுக்க எத்தனை என்பதே அவர்கள் கணக்கு. கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் கட்டம் வைத்திருக்கும் பதிவேடு குருவானவரிடமே இருக்கிறது. அந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவதும், ஒருநாள் அதை ஆளுவோர் முன் விரித்து வைப்பதும் விடுதலைப் போராட்டத்தில் அவருக்குரிய பங்கு. ஆயுதங்களை ஆசீர்வதிப்பது எளிது. கைகழுவுவது அதனினும் எளிது. இது இரண்டையும்விடக் கடினமான வேலை.

2015 ஜனவரி 14-ஆம் நாள் காலையில் போப் பிரான்சிஸ் கொழும்பில் யோசேப்பு வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, மாலையில் மடுவுக்கு வந்தார். மறைந்து வந்த குருவானவரும், காட்டில் ஒளித்து வைக்கப்பட்ட சொரூபமும் ஒரே நாளில் மேன்மையடைந்ததை ஆயர் கண்டார். அவ்வாண்டிலேயே கடும் நோயுற்றுப் பேச்சுத் தளர்ந்து, 2016 ஜனவரியில் பணி ஓய்வு பெற்றார். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற்போனோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் அமர்ந்தார்கள். காணாமற்போனோருக்கென அரசு ஓர் அலுவலகமும் அமைத்தது. தாய்மார் எழுந்து வீடு செல்லவில்லை. அவர்களில் பலர் அந்தப் பந்தல்களில் காத்திருந்தே மாண்டுபோயினர்.

2021 ஏப்ரல் 1-ஆம் நாள், பெரிய வியாழனன்று, ஆயர் யாழ்ப்பாணத்தில் காலமானார். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு மறுநாள் மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அடக்கம் நடந்தது. சைவரும் முஸ்லிம்களும் வந்திருந்தார்கள். அவர் கொடுத்த விண்ணப்பத்துக்கு அதுவரை பதில் வந்திருக்கவில்லை. 4,29,059-லிருந்து 2,82,380-ஐக் கழித்தால் வரும் மீதி அந்தத் தாளில் அப்படியே இருக்கிறது.